செம்மண் பாலையும் ஒரு செம்புத் தண்ணீரும்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் போதும், நூம்பலில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் தெற்கே, வெயிலுக்குள்ளேயே காரை விடுகிறோம். "மலைக்குப் போறதை விட்டுட்டு, வெந்துபோன ஊருக்கா போறீங்க?" என்று கேட்காதவர் இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நம்மோடு வர நேரமில்லை. என் கணவருக்குக் கோடையில்தான் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது. அந்த மாதத்தில் மலையூர்களில் அறை கிடைப்பதே பாடு. திருச்சியிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் சுலபமாகக் கிடைக்கிறது. இப்படித்தான் எங்கள் கோடைப் பிரயாணம் ஆரம்பித்தது. நாலு வருஷம் போய் வந்ததில் நான் தெரிந்துகொண்டது ஊர்களைப் பற்றி மட்டுமல்ல. பெண்களாகிய நாம் பிரயாணத்தில் நம் உடம்பை எப்படி நடத்துகிறோம் என்பதையும்தான்.

நம்ம ஊர்ப் பாலைவனம்

பாலைவனம் என்றால் ராஜஸ்தான்தான் நினைவுக்கு வரும். ஜெய்சல்மேர் பக்கம் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்காவே இருக்கிறது. கானமயில் என்னும் அருகிப்போன பறவைக்கு அதுதான் முக்கியமான புகலிடம். ஆனால் அங்கே மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும். கோடையில் எட்டிப் பார்க்கக்கூடாது.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் தேரிக்காடு என்று ஓர் இடம் உண்டு. குதிரைமொழித் தேரி என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் குங்குமத்தைக் கொட்டியதுபோல் செக்கச்செவேல் என்று மணல்மேடுகள். மணலின்மேல் இரும்புத்துரு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பல்லாயிரம் வருஷங்களாகக் காற்று வாரிக் கொண்டுவந்து குவித்த மணல் அது. ஆடி மாதத்து மேல்காற்றில் இன்றைக்கும் அங்கே மணல் நகரும். ஆதிமனிதர்கள் செய்த சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி ஸோய்னர், ஆல்சின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1956-ல் எழுதியிருக்கிறார்கள்.

உண்மையில் இது மழையே பெய்யாத பாலைவனம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும். பெய்த தண்ணீர் மேலே தங்காமல் மணலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் மேலே பார்த்தால் பாலைவனம்; பனையும் உடைமரமும் முந்திரியும் மட்டும் வேரை ஆழ விட்டுப் பிழைத்துக் கொண்டிருக்கும். மேலப்புதுக்குடியில் உள்ள ஐயனாருக்கு 'அருஞ்சுனை காத்த அய்யனார்' என்று பெயர். வறண்ட காட்டில் ஒரு சுனையைக் காவல் காப்பதே சாமியின் வேலை என்றால், அந்த மக்கள் தண்ணீருக்கு என்ன மதிப்பு வைத்திருந்தார்கள், பாருங்கள்! திருச்செந்தூரிலும் அப்படித்தான். கடற்கரையை ஒட்டியே நாழிக்கிணறு. கடல் அத்தனை பக்கத்தில் இருந்தும் அதன் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987-ல் அறிவித்தார்கள், 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முள்ளும் புதருமாகக் காய்ந்த குன்று. முறுக்கிய கொம்போடு வெளிமான் துள்ளி ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால், வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு அதிகாலையில் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மான் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மானுக்குத் தெரிந்தது மனுஷருக்குத் தெரிவதில்லை!

பூட்டிய வாய்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் எங்களோடு வந்தார்கள். நூம்பலில் வண்டி ஏறும்போதே, "அண்ணி, எனக்குத் தண்ணி குடுக்காதீங்க. குடிச்சா அப்புறம் வழியில எங்க போறது?" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே வாயைப் பூட்டிக்கொண்டாள். திருச்சி வரை ஒரு வாய் காப்பி. மறுநாள் மதுரை வரை அதுவும் இல்லை. நான் பாட்டிலை நீட்டினால் கையால் தள்ளிவிடுவாள். மூன்றாம் நாள் ராத்திரி திருநெல்வேலி லாட்ஜில் உடம்பு தூக்கிப் போட்டது. நல்ல ஜுரம், குளிர் நடுக்கம், இடுப்புக்குமேல் ஒரு பக்கம் குத்துவலி, சிறுநீர் போகும்போது நெருப்பாய் எரிச்சல். விடிந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிறுநீர்ப்பையில் தொடங்கிய தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார். இரண்டு நாள் படுக்கை, ஊசி, மருந்து. தேரியைப் பார்க்கவே அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இது என் நாத்தனார் கதை மட்டுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், பஸ்ஸில் பிறந்த வீட்டுக்குப் போனாலும், 'தண்ணீர் குடித்தால் வெளியே போக வேண்டி வருமே' என்று தொண்டையை உலர வைத்துக்கொள்ளாத பெண் நம்மில் எத்தனை பேர்? ஆண்பிள்ளைகள் ஒரு புளியமரம் கண்டால் இறங்கிவிடுவார்கள். நாம்? அடக்கிக்கொள்வதே நமக்குப் பழக்கம். அதைப் பொறுமை என்று வேறு பேர் வைத்துவிட்டோம்.

உடம்புக்கு இந்தப் பொறுமை ஒத்துவராது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு. சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆகவே வெளியிலிருக்கும் கிருமி சீக்கிரம் உள்ளே போய்விடும். தண்ணீர் நிறையக் குடித்து அவ்வப்போது வெளியேற்றினால் கிருமியும் அடித்துக்கொண்டு போய்விடும். குடிக்காமலும் போகாமலும் இருந்தால் உள்ளேயே தங்கிப் பெருகும். 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இந்தத் தொற்று வந்துகொண்டிருந்த 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள். அவர்களில் பாதிப்பேரை மட்டும் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குடித்தவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான்! செலவில்லாத வைத்தியம் இல்லையா இது?

போதுமான தண்ணீர் குடிக்கிறோமா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சிறுநீர் எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீர்போல் வெளுத்த மஞ்சளாக இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு

நாங்கள் இப்போது பிரயாணத்தை ஊரை வைத்துத் திட்டம் போடுவதில்லை. நிறுத்தங்களை வைத்துத்தான் போடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும், 'அவசரம்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கியே ஆகவேண்டும்.

விடியற்காலை நாலரை மணிக்கு நூம்பலை விட்டுக் கிளம்பி, பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூரில் இறங்கினால் நகர நெரிசல் இல்லை. ஆறரை மணிக்குத் திண்டிவனம் பக்கம் முதல் நிறுத்தம். எட்டு மணி வாக்கில் உளுந்தூர்பேட்டை, அங்கே டிபன். பெரம்பலூர் தாண்டுவதற்குள் இன்னொரு தடவை. பத்தரை, பதினோரு மணிக்குள் திருச்சி போய்விடலாம். அதன்பிறகு நாலு மணி வரை காரைத் தொடுவதில்லை. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம். மாலையில் மலைக்கோட்டை. மறுநாள் காலை மதுரை. மூன்றாம் நாள் விடியலில் கிளம்பித் திருநெல்வேலி. நாலாம் நாள் காலை வல்லநாடு, மாலை தேரி.

பத்து மணிக்கு மேல் நாலு மணிக்குள் வெயிலில் அலையக் கூடாது என்பது நான் கண்டுபிடித்த சட்டம் அல்ல. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பூங்காவில் கோடைக் காலத்தில் இதே பத்திலிருந்து நாலு மணி வரை நடைபாதையில் இறங்க வேண்டாம் என்றுதான் எச்சரிக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பெற்றோர்கள் பிள்ளைகள் வீட்டுக்கு என்று கோடையில் அமெரிக்கா போகிறார்கள். லாஸ் வேகஸ் நகரத்தைப் பார்த்த கையோடு, காரில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பாலைவனப் பூங்காவுக்கும் அழைத்துப் போய்விடுகிறார்கள். 1913-ல் 56.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவான இடம் அது. அங்கே போகிற ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். அங்கே போகப்போகும் அம்மாக்களே, மாமியார்களே, மருமகன் முன்னால் எப்படி 'நிறுத்துங்கள்' என்று கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கிளம்பும்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, பெரிய ஓட்டல் மூன்றிலும் கழிப்பறை இருக்கும். சுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. ஓர் ஊரில் பூட்டு தொங்கும். சாவியைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேளுங்கள், தயங்காதீர்கள்! நாம் கேட்கக் கேட்கத்தான் திறந்து வைப்பார்கள். திரும்பி வரும்போது உதவட்டும் என்று, நல்ல கழிப்பறை கண்ட இடங்களை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். என் கணவர், "கோயில் பேரை எல்லாரும் எழுதுவாங்க, நீ கக்கூஸ் பேரை எழுதுறியே!" என்று கேலி செய்வார். இப்போது அந்த நோட்டை அவருடைய ஆபீஸ்காரர்களே இரவல் கேட்கிறார்கள்.

பையில் என்ன?

ஒரு துணிப்பையில் இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் மக்கு, துண்டு சோப்பு, பழைய டவல் ஒன்று, மாதவிலக்குத் துணி அல்லது நாப்கின், அதைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், பெரிய குடை. குடை வெயிலுக்கு மட்டுமல்ல, ஆத்திர அவசரத்துக்கு மறைப்பும் அதுதான். பருத்திப் புடவையோ தொளதொளவென்ற சுடிதாரோ சௌகரியம். இறுக்கமான நைலான் உடை வேண்டாம்.

தண்ணீர் வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டு போகலாம். ஆளுக்கொரு பாட்டில் தனித்தனியாக வைத்தால், யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒரே கூஜாவில் வைத்தால் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு நாம் குடிக்க மறந்துபோவோம்.

மோர், இளநீர், நுங்கு எல்லாம் நல்லது. உடன்குடிப் பக்கம் போனால் பதநீர் கிடைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளிக்காமல் இருக்கிறது. காலையிலேயே வாங்கிக் குடித்துவிட வேண்டும். அந்த ஊர்ப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கி வாருங்கள். ஆனால் 'கருப்பட்டிதானே' என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்குங்கள். அளவு முக்கியம்; உப்பு கூடிவிடக் கூடாது.

வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு என்றால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால் அது வெப்ப அதிர்ச்சி. உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

இளம் தாய்மார்களே, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும் போதும். தனியாகத் தண்ணீர் புகட்ட வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள். அப்படியானால் தண்ணீர் குடிக்க வேண்டியது யார்? நீங்கள்தான்! ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் குடித்துவிடுங்கள்.

இன்னொன்று. 'ரெண்டு நிமிஷம்தானே, தூங்குது பாவம்' என்று குழந்தையைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு ஒருக்காலும் இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் உஷ்ணம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை வீட்டு ஆண்களும் ஒளிந்து ஒளிந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்! அவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

பிரயாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் கணவர் காரைச் சுற்றிச் சுற்றி வருவார். டயரில் காற்று பார்ப்பார். இஞ்சின் ஆயில் பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். வழியில் இஞ்சின் சூடேறி நின்றுவிடக் கூடாதே என்ற கவலை. நியாயம்தான். ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் மனுஷிக்கும் சூடேறும் அல்லவா? அவள் குடித்தாளா என்று யார் மூடியைத் திறந்து பார்ப்பது?

நாத்தனார் படுத்த அந்த இரண்டு நாளில் அவள் வீட்டுக்காரர் என்னிடம், "அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே அக்கா!" என்றார். உண்மைதான், நிறுத்தியிருப்பார். ஆனால் கேட்டால்தான் நிறுத்துவது என்பது ஒன்று. கேட்காமலே நிறுத்துவது என்பது வேறொன்று. 'இதோ இன்னும் அரை மணியில் ஊர் வந்துவிடும்' என்று சொல்லிச் சொல்லியே நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற ஆண்கள் இருக்கிறார்கள். அந்த அரைமணிகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பெண்ணின் உடம்புக்குத்தான் தெரியும்.

பழந்தமிழில் பாலை நிலத்துக்கு உரியது பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே போய்விடுவான். தலைவி வீட்டிலிருந்து ஏங்குவாள். இப்போது நாம் இருவருமாகப் பாலையைப் பார்க்கவே போகிறோம்! ஒன்றாக உட்கார்ந்து போகிற வண்டியில் ஒருத்தி மட்டும் தாகத்தை அடக்கிக்கொண்டு வந்தால், அதுவும் ஒரு பிரிவுதானே?

தேரிக்குப் போகிறவர்கள் மாலை நாலரை மணிக்கு மேல் போங்கள். செருப்பில்லாமல் மணலில் கால் வைக்காதீர்கள், கொப்பளித்துவிடும். உள்ளே காப்புக்காடும் உண்டு. உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு, சாலையைக் கண் பார்வையில் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. மேட்டுமேல் உட்கார்ந்து, இருவருமாக ஆளுக்கொரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வெயில் சாய்வதைப் பாருங்கள். மணலின் சிவப்பும் வானத்தின் சிவப்பும் ஒன்றாகிப் போகும்.

இந்தக் கோடையில் நீங்கள் எங்கே கிளம்பினாலும் சரி, பக்கத்திலிருக்கும் திருவள்ளூராக இருந்தாலும் சரி, வண்டி ஏறுமுன் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். முதல் நிறுத்தம் எங்கே என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.